மெய்நிகர் கணினிக்கு நிஜ ப்ராசசர்தான் வேலை செய்கிறது

கருப்பூரிலுள்ள சேலம் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கி திருச்செங்கோடு, ராசிபுரம் வரை கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு, விண்டோஸ் லேப்டாப்புக்குள்ளேயே லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓட்டுவது புதிதல்ல. அது வெறும் பாவனை, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது. அது சரியல்ல. உள்ளே ஓடும் லினக்ஸின் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் எல்லாவற்றையும் நிஜ ப்ராசசரே நேரடியாகச் செய்கிறது. டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்ற பொதுச் சொத்தில் லினக்ஸ் கைவைக்கும்போதுதான் ஹைப்பர்வைசர் என்ற மேற்பார்வை மென்பொருள் குறுக்கே வருகிறது. மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் பாசனத்தில் வயலுக்குள் நீர் பாய்ச்சுவது உழவர் பொறுப்பு, அணை மதகைத் திறப்பது நீர்வளத்துறையின் பொறுப்பு. இங்கும் அதே ஏற்பாடுதான்.

பொதுச் சொத்தைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ஹைப்பர்வைசரிடம் பிடிபட வேண்டும் என்பதை 1974-லேயே கணினி அறிவியலர்கள் போபெக், கோல்ட்பர்க் இருவரும் வரையறுத்தார்கள். பழைய இன்டெல் ப்ராசசர்களில் சில கட்டளைகள் பிடிபடாமல் நழுவின. உதாரணமாக, இன்டரப்ட்டை நிறுத்தச் சொல்லும் ‘பாப்எஃப்’ கட்டளையை அதிகாரமில்லாத நிரல் கொடுத்தால், ப்ராசசர் பிழை என்றும் சொல்லாது, சொன்னதைச் செய்யவும் செய்யாது. ஆகவே 1999-இல் வந்த விஎம்வேர் மென்பொருள், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2005-இல் இன்டெல் கொண்டுவந்த விடி-எக்ஸ் என்ற வன்பொருள் வசதி அந்தச் சுமையை இறக்கியது. உள்ளே ஓடும் ‘விருந்தினர்’ இயங்குதளத்துக்கென்று ப்ராசசரிலேயே தனி நிலை வந்தது. தடைசெய்யப்பட்ட கட்டளை வந்ததும் ப்ராசசர் நிலவரத்தைச் சேமித்து ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கிறது. வேலை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இப்படி ஒருமுறை போய்வர, ஒரு கூட்டலைப்போல் பல நூறு மடங்கு நேரம் பிடிக்கும்.

அப்படியானால் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் மெதுவாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். பழைய கார்டு ஒன்றை அப்படியே நடித்துக் காட்டினால் உண்மைதான். ஒரு தரவுப் பொட்டலத்துக்கே பலமுறை போய்வர நேரும். ‘விர்ட்ஐஓ’ முறையில் விருந்தினர் தன் கோரிக்கைகளைப் பொது நினைவகத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஒரே குரல் கொடுக்கிறது. கார்டையே விருந்தினரிடம் முழுதாக ஒப்படைக்கவும் வழியுண்டு. அந்தக் கார்டு அடுத்தவர் நினைவகத்தில் எழுதிவிடாமல் ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் காவல் நிற்கிறது. மெய்நிகர் கணினிகளுக்கு இடையிலான தடுப்பு முழுமையானதல்ல என்பாரும் உண்டு. 2018-இல் வெளியான ‘ஃபோர்ஷேடோ’ குறை, ப்ராசசரின் கேஷ் வழியே அடுத்த மெய்நிகர் கணினியின் ரகசியம் கசியலாம் என்று காட்டியது உண்மை. திருத்தங்களும் உடனே வந்தன. அவற்றைப் போட்டுக்கொள்வது நம் கடமை.

உங்கள் மெய்நிகர் கணினி தவழ்ந்தால், முறையையே குறை சொல்லாதீர்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறதா, ரேம் போதுமா என்று முதலில் பாருங்கள்.