கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டிய பீர்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மருமகன் ஊற்றிக் கொடுத்த பீர் கன்னங்கரேல் என்றிருந்ததாம். வாசனையோ பைன் மரமும் பழத்தோலுமாகத் தூக்கியதாம். "எதையாவது கலந்திருப்பார்களோ?"

கலக்கவில்லை. அது பிளாக் ஐபிஏ: கசப்பும் மணமும் தூக்கலான இந்தியா பேல் ஏல் (ஐபிஏ) வகை பீரின் கறுப்பு வடிவம். வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் கிரெக் நூனன் நடத்திய சிறு மதுவாலையில் 1990களின் தொடக்கத்தில் காய்ச்சிய 'பிளாக்வாட்ச்'தான் இதற்கு முன்னோடி என்பார்கள். ஆரெகன், வாஷிங்டன்காரர்களோ இது தங்கள் சரக்கு என்று சாதித்து, கேஸ்கேடியன் டார்க் ஏல் என்றே அழைக்கிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ், அமெரிக்காவில் பெரும்பகுதி வாஷிங்டனின் யாகிமா பள்ளத்தாக்கில் விளைவதால், அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட்; அதன் சாற்றில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, நொதிக்கவிட்டால் பீர். ஹாப்ஸ், கஞ்சாவின் குடும்பத்துக் கொடி. பெண்கொடியின் பூக்கூம்புக்குள் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடியில்தான் சங்கதி எல்லாம். நெடுநேரம் கொதித்தால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்காவிட்டால் என் அம்மா அடுப்படியிலேயே அதட்டுவாள். கொத்தமல்லித் தழை அதற்குப் பிறகுதான் விழும். பீர் காய்ச்சுபவர்களும் அப்படியே: கசப்புக்கு முதலில் ஒரு பங்கு, மணத்துக்குக் கடைசியில் ஒரு பங்கு, நொதித்த பிறகு ஊறப்போட இன்னொரு பங்கு.

என்னைக் கவர்ந்தது அந்தக் கறுப்பு. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை போன்ற ஒன்றில் மால்ட்டைக் கருக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். போர்ட்டர், ஸ்டௌட் என்ற பீர் வகைகள் அந்த மால்ட்டில்தான் கறுத்தன. ஆனால் கருகிய கசப்பும் ஹாப்ஸ் கசப்பும் ஒரே கிளாஸில் மோதினால் நாக்கு வறண்டுவிடும். தொல்லை பெரும்பாலும் உமியால் வருவது. கருகிய உமி துவர்க்கும். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1879இல் தொடங்கிய வேயர்மான் நிறுவனம், உமியை நீக்கிவிட்டு வறுத்த மால்ட்டை விற்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலே பீர் கறுத்துவிடும். கருகல் அவ்வளவாகத் தலைகாட்டாது. சிலர் கறுப்பு மால்ட்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை மட்டும் சேர்ப்பதும் உண்டு.

ஆனாலும் கறுப்பைப் பார்த்ததும் கருகலை எதிர்பார்க்க வைத்து நம்மை ஏமாற்றுவது கண்தான். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோவில் ஒயின் படிப்பு படித்த 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய வாசனைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்! அதனால் இந்த பீரைக் கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். முதலில் பைன், கிரேப்ஃப்ரூட் தோல். விழுங்கிய பிறகே கோகோவின் சாயல். 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி போதும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் ஊற்றி மடமடவென்று கவிழ்ப்பவர்கள் வேறு எதையாவது குடிக்கலாம்; பணமாவது மிஞ்சும்.

குளிரைவிட வெளிச்சம் மோசம். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தகச் சேர்மமாகும். ஸ்கங்க் என்னும் அமெரிக்கப் பிராணி பீய்ச்சும் நாற்றம் அடிக்கும். டின்னுக்குள் ஒளி நுழையாது, பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டிலை நம்ப முடியாது. இத்தனை பக்குவம் பார்த்துக் காய்ச்சியதைக் கண்ணாடி அலமாரியில், விளக்கடியில், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் கடைக்காரர்களை என்ன சொல்வது? அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கறுப்பாக இருக்கிறதே, இம்பீரியல் ஸ்டௌட் போல வருடக்கணக்கில் வைத்தால் மெருகேறும் என்று பூட்டி வைக்காதீர்கள். ஹாப்ஸ் மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய கையோடு குடித்துவிட வேண்டிய சரக்கு இது.