விரைந்து கற்கும் பிள்ளைக்காகப் பேசுங்கள்



வகுப்புப் பாடத்தை எல்லாருக்கும் முன்பாக முடித்துவிட்டு, வேறு வேலையின்றிச் சும்மா அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கென நடக்கும் சிறப்பு வகுப்பை, பணம் போதாத ஆண்டில் நிறுத்திவிடப் பள்ளி எண்ணக்கூடும். "கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் முன்னேறிவிடும்" என்று காரணமும் சொல்லப்படும்.

அது மெய்தானா? வசதியுள்ள வீட்டாருக்குத் தனிப்பயிற்சி உண்டு. பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்த குடும்பத்தின் பிள்ளைக்கோ பள்ளி ஒன்றே வழி. அதுவும் அடைபட்டால், அதன் தாலந்து மண்ணில் புதைக்கப்பட்டதாகும் அல்லவா?

பெரிய திட்டங்களும் நின்றுபோவதுண்டு. 1963-இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வுத் திட்டத்திற்கு 2021 மார்ச் 31 வரையே அனுமதி இருந்தது. அதன்பின் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகையால் அருகிலுள்ள வாசலை முதலில் தட்டுங்கள்.

முதலாவது, சட்டம் தந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் செலவாவதைக் கண்காணிப்பதும் அதன் பணி. உதவி பெறும் பள்ளியில் அது ஆலோசனை மட்டுமே கூறலாம்; ஆயினும் அந்த ஆலோசனையைச் சொல்ல நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். பொதுப் பாடத்திட்டத்திற்கு அப்பாலும் கற்கும்படி, தனித்திறனுள்ள மாணவரை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள். மராத்தியோ கன்னடமோ சரளமாய்ப் பேச வராதே என்று தயங்காதிருங்கள். எழுதிக் கொடுத்ததற்கு உச்சரிப்பு வேண்டுவதில்லை.

மூன்றாவது, பணமே இல்லையென்றால், செலவு குறைந்த வழியை முன்வையுங்கள். 2004-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த அறிக்கையொன்று, பிள்ளையை விரைந்து முன்னேற்றும் 18 முறைகளை எடுத்துரைத்தது. ஒரு பாடத்திற்கு மட்டும் மேல்வகுப்பில் அமர்த்துவது அவற்றில் ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கு வேளையில் ஆறாம் வகுப்புக்குச் செல்லப் புதிய ஆசிரியர் தேவையில்லை. இரு வகுப்புகளின் கணக்கு வேளையும் ஒன்றாக அமைந்தால் போதும்.

ஒன்றை மறவாதிருங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளையின் வகுப்பைக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று ஒருபோதும் கேளாதிருங்கள். அந்தப் பிள்ளையின் தாயும் அதே குழுவில் அமர்ந்திருப்பாள். இருவருமாய்ச் சேர்ந்து கேட்டால், தலைமையாசிரியர் எளிதில் மறுக்கமாட்டார்.

அடுத்த கூட்டத்தின் தேதியை இன்றே விசாரித்து அறியுங்கள்.