உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை போடாத கேக்கும் ‘சுகரை’ ஏற்றும்!

ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் வெள்ளைச் சர்க்கரையையே மைதா ரொட்டி முந்திவிடும்! கிளைசெமிக் குறியீட்டில் சர்க்கரை சுமார் 65. மைதா ரொட்டி சுமார் 75. நீரிழிவு உள்ளவரின் பிறந்தநாளுக்கு கேக் சுடுகிறவர் சர்க்கரை டப்பாவை மட்டும் ஒளித்துவைத்தால் போதாது. மைதாவையும் குறைக்க வேண்டும்.

• 100 கிராம் மைதாவில் கார்போஹைட்ரேட் 70 கிராமுக்கு மேல். பாதாம் மாவில் சுமார் 20 கிராம்தான். அதிலும் பாதி நார்ச்சத்து. ஆனால் குளூட்டன் கிடையாது. கேக்கைத் தூக்கி நிறுத்த முட்டைதான் கைகொடுக்கும்.

• சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி, சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு. சிட்டிகை போதும். ஆனால் வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கும் சர்க்கரையின் வேலையை அது செய்யாது, கேக் அமுங்கிப்போகும். இன்னொரு இனிப்பூட்டியான அஸ்பார்டேமோ அடுப்புச் சூட்டிலேயே இனிப்பை இழந்துவிடும்.

• எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு ரத்தச் சர்க்கரையை அநேகமாக ஏற்றுவதில்லை. பொன்னிறம்தான் வராது. பொடித்துச் சேர்க்காவிட்டால் ஆறிய கேக் பல்லில் நறநறக்கும்.

• கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை? மூன்றும் சர்க்கரையே. பாரம்பரியத்துக்கெல்லாம் கணையம் சலுகை தராது!