ஜாவா சரத்திணைப்பு வழு (ஜேடிகே-8204322)

ஜேடிகே-8204322 என்பது ஜாவா நிரலாக்க மொழியின் நிரல்மொழிமாற்றியான ஜாவாசியில், 9, 10 ஆகிய பதிப்புகளில் காணப்பட்ட வழுவின் பதிவெண் ஆகும். சரங்களுடன் '+=' என்னும் கூட்டு மதிப்பிருத்தல் குறியைப் பயன்படுத்தும்போது, அதன் இடப்பக்கக் கோவை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை மதிப்பிடப்பட்டது. இவ்வழு 2018 ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான 11 ஆம் பதிப்பில் களையப்பட்டது.

விதி

'அ += ஆ' என்பது 'அ = அ + ஆ' என்பதன் சுருக்கம் என்றே பாடநூல்கள் பொதுவாகக் கூறும். இது முழு உண்மை அன்று. சுருக்க வடிவில் 'அ' ஒரே ஒருமுறைதான் மதிப்பிடப்பட வேண்டும் என ஜாவா மொழி வரையறை தெளிவாகக் கூறுகிறது. 'அ' வெறும் மாறியாக இருந்தால் இவ்வேறுபாடு வெளியே தெரியாது. அதனுள் 'எண்++' போன்ற பக்கவிளைவு உள்ள கோவை இருந்தால் விடையே மாறிவிடும்.

எடுத்துக்காட்டு

ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம். 'ஊர்' என்னும் அணியில் "ஆழ்வார்", "காயல்" என்னும் இரு சரங்கள் உள்ளன எனவும், 'எண்' என்னும் மாறியின் மதிப்பு 0 எனவும் கொள்க.

ஊர்[எண்++] += "திருநகரி";

இக்கூற்று இயங்கியபின் ஊர்[0] "ஆழ்வார்திருநகரி" எனவும், 'எண்' 1 எனவும் இருத்தல் வேண்டும். வழுவுள்ள பதிப்பில் உருவான நிரலோ, எழுத வேண்டிய இடத்தை 0 எனக் கணித்தபின் சுட்டெண்ணை மீண்டும் கணித்து, 1 ஆம் இடத்திலிருந்து படிக்கிறது. ஆகவே ஊர்[0] இல் "காயல்திருநகரி" என்னும் இல்லாத ஊர் பதிவாகிறது. 'எண்' 2 ஆகிவிடுகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியின் பெயர் எவ்வித எச்சரிக்கையும் இன்றி அழிந்துபோகிறது. அணியில் ஒரே ஒரு சரம் இருந்திருந்தால் எல்லை மீறல் பிழையுடன் நிரல் நின்றிருக்கும். அது ஒருவகையில் நன்மையே; தவறு உடனே தெரிந்துவிடும்.

காரணம்

8 ஆம் பதிப்பு வரை, நிரல்மொழிமாற்றி சரத்திணைப்பை ஸ்ட்ரிங்பில்டர் வகுப்பின் அழைப்புகளாக மாற்றியது. 2017 இல் வெளியான 9 ஆம் பதிப்பில், இணைக்கும் முறையை இயங்குநேரத்தில் முடிவு செய்யும் வகையில் 'இன்வோக்டைனமிக்' கட்டளை புகுத்தப்பட்டது. எண்களுக்கான '+=' கூற்றில் அணியின் முகவரியும் சுட்டெண்ணும் அடுக்கில் படியெடுக்கப்பட்டு மீண்டும் பயன்படுகின்றன. சரங்களுக்கான புதிய பகுதியில் இப்படியெடுப்பு விடுபட்டு, இடப்பக்கக் கோவைக்கு இரண்டாம் முறையும் கட்டளைகள் உருவாக்கப்பட்டன. எனவே எண் கணக்குகளை இவ்வழு தொடவில்லை.

தீர்வு

பழைய முறையிலேயே சரங்களை இணைக்குமாறு நிரல்மொழிமாற்றிக்கு ஆணையிடுவதும், பக்கவிளைவைத் தனிக் கூற்றாகப் பிரித்து எழுதுவதும் இடைக்காலத் தீர்வுகளாக இருந்தன. வழு இருந்தது நிரல்மொழிமாற்றியில், இயங்குசூழலில் அன்று. ஆதலால் 9 அல்லது 10 ஆம் பதிப்பில் இவ்வாறு உருவான வகுப்புக் கோப்புகளைப் புதிய பதிப்பில் இயக்கினாலும் தவறான விடையே கிடைக்கும். மூலநிரலை மீண்டும் மொழிமாற்றம் செய்தாக வேண்டும்.