மோக்லிக்கு மூணு மாசம் போதுமா?

இன்னைக்குப் பேசப்போறது எல்லாருக்கும் தெரிஞ்ச புத்தகம், ‘தி ஜங்கிள் புக்’. தெரிஞ்சதா நாம நினைச்சுக்கிட்டு இருக்கிற புத்தகம்னு சொல்லணும். டிஸ்னி படத்தை மட்டும் பார்த்துட்டு, கதை தெரியும்னு நானும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான்.

1894-ல் வந்த புத்தகம். எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். பம்பாயில் பிறந்தவர், ஆனா சியோனி காட்டுக் கதைகளை எழுதினது அமெரிக்காவில், பனி கொட்டுற வெர்மான்ட்டில்! மொத்தம் ஏழு கதை. அதில் மோக்லி வர்றது மூணுலதான்.

1967 படத்தில், தண்ணிக் குடத்தோட ஒரு பொண்ணு வருவா, மோக்லி அவ பின்னாடியே ஊருக்குள்ள போயிடுவான். சுபம். புத்தகத்தில் சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. ஓநாய்க் கூட்டம் அவனை ஏற்கெனவே துரத்திவிட்டுடுது. ஊருக்குள் வந்தா மெசுவான்னு ஒரு அம்மா சேர்த்துக்கிறாங்க. அவங்க பையனைப் புலி தூக்கிட்டுப் போயிருக்கும். இவன் தன் பிள்ளை இல்லைன்னு அவன் பாதத்தைத் தொட்டதுமே அவங்களுக்குத் தெரிஞ்சிடுது. காலில் செருப்பே ஏறாத பாதம். இருந்தும் வெச்சுக்கிறாங்க. கடைசியில் அவன் எருமைகளை விரட்டி ஷேர் கானைக் கொன்னதும், மந்திரவாதின்னு ஊரே கல்லால் அடிக்குது.

எனக்கு இடிக்கிற இடம் வேற. மூணு மாசத்தில் துணி கட்ட, காசு புழங்க, மனுஷங்க வழக்கத்தை எல்லாம் மோக்லி கத்துக்கிறான். பேச்சு அவனுக்குப் பிரச்சினையே இல்லை.

நிஜத்தில்? 1800-ல் பிரான்ஸின் அவெய்ரோன் பகுதியில், காட்டில் தனியா திரிஞ்ச ஒரு பையன் கிடைச்சான். விக்டர்னு பேர் வெச்சாங்க. இத்தார்ங்கிற டாக்டர் வருஷக்கணக்கா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எழுத்தில் சில வார்த்தைகளைப் புரிஞ்சுக்கிட்டான். வாயில் வந்தது ‘பால்’ மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்தான். சின்ன வயசில் காதில் பேச்சே விழாத குழந்தைக்கு, பின்னாடி மொழி முழுசா வர்றது ரொம்பக் கஷ்டம்.

நம்ம பக்கத்திலும் கதை உண்டு. 1920-ல் வங்காளத்தின் மிட்னாப்பூர் பக்கம், ஓநாய்க் குகையிலிருந்து கமலா, அமலான்னு ரெண்டு சிறுமிகளை மீட்டதா ஜோசப் சிங்ங்கிற பாதிரியார் சொன்னார். அடுத்த வருஷமே அமலா இறந்துபோனா, கமலா 1929-ல். சிங்கின் டைரி 1942-ல் புத்தகமாகி, உளவியல் பாடம் வரைக்கும் போச்சு. அப்புறம்தான் கேள்வி கிளம்பிச்சு. இப்படிச் சொல்லப்பட்ட குழந்தைகள் பலர் ஆட்டிசம் உள்ளவங்களா, கைவிடப்பட்டவங்களா இருந்திருக்கலாம்னு 1959-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதினார். செர்ஜ் அரோல் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, டைரியே பல வருஷம் கழிச்சு எழுதப்பட்டது, மொத்தமும் மோசடின்னு 2007-ல் சொன்னார்.

அப்படின்னா அந்த ரெண்டு பொண்ணுங்க யார்? ஓநாய் வளர்த்துச்சான்னுதான் ஊரே ஆராய்ச்சி பண்ணுச்சு. யார் விட்டுட்டுப் போனாங்க, அதுங்களுக்கு என்ன வைத்தியம் தேவைப்பட்டுச்சு, இதெல்லாம் பின்னாடி போயிடுச்சு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மோக்லி மேலேயே கொஞ்சம் கோபம் வந்துச்சு, நியாயமே இல்லாம.

மெசுவா கதை இன்னும் முடியலை. மோக்லிக்குச் சோறு போட்ட குத்தத்துக்கு ஊர் அவங்களை என்ன பண்ணப் பார்த்துச்சு, பதிலுக்கு மோக்லி யானைகளைக் கூட்டிட்டு வந்து அந்த ஊரை என்ன பண்ணினான்கிறது 1895-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் இருக்கு. படிக்கிறதா இருந்தா அதிலிருந்தே ஆரம்பிங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.