தாடைக்கடியில் ஏன் இந்தக் குழி?

கேமரன் மலைத் தேயிலையைக் கவாத்து செய்தால் சில மாதங்களில் மறுபடி துளிர்க்கும். இரட்டைத் தாடையைக் குறைக்க உறிஞ்சி எடுத்த கொழுப்பணுக்கள் துளிர்ப்பதில்லை, சிக்கலே அதுதான். தோலுக்கும் பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய கழுத்துத் தசைக்கும் நடுவே கொஞ்சமாவது கொழுப்பு இருக்க வேண்டும். அதையும் சுரண்டிவிட்டால் தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் குழி, இருபுறமும் துருத்தும் தசைப்பட்டை. இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'நாகக் கழுத்து'.

திருத்த அவசரப்படக் கூடாது. வீக்கம் வடிந்து தழும்பு இளக 6 மாதமாவது ஆகும். பிறகு ஒட்டிய தோலை விடுவித்து, வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பைத் துளித்துளியாக நிரப்புவார்கள். (காசு கொடுத்து எடுத்ததைக் காசு கொடுத்தே திரும்ப வைப்பது!) கட்டியாக வைத்தால் உள்ளே ரத்தம் எட்டாமல் கொழுப்பு செத்துவிடும். துளியாக வைத்தாலும் ஒரு பகுதி கரையும். இரண்டாம் முறை தேவைப்படலாம். தசை விளிம்புகள் விலகியிருந்தால் நடுவில் இழுத்துத் தைப்பார்கள்.