அலை ஓயட்டும் என்று காத்திருக்கலாமா?

தறி ஓட்டுகிறவனுக்குத் தீவுப் பயணமா? முந்திரிக்கொட்டை உடைக்கிறவளுக்குக் கடற்கரை உலாவா? ஊட்டியும் கோவாவும் உள்ளவனுக்கு. உழைப்பவனுக்குத் திண்ணையே தேவலோகம்! இப்படி எண்ணுவோர் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், தோழர்களே!

குறிஞ்சிப்பாடித் தோழர்கள் சிலரோடு, மே மாதத்தில் மூன்று நாள் ஒதுக்கி, இராமேசுவரம் தீவுக்குச் சென்று வந்தோம். கோயிலுக்கா என்று கேட்டார்கள் சிலர். செல்வோர் செல்லட்டும், நாம் சென்றது கடல் காண! பக்கத்திலே தேவனாம்பட்டினம் இருக்க, பாம்பன் தாண்டிப் போவானேன் என்றார்கள் வேறு சிலர். கடல் ஒன்றுதான், கரைதோறும் அது சொல்லும் கதை வேறு! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்கு அருகிலே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மீது ரயில் ஊர்ந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழுந்து வழிவிடும் பாலம் அது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த நெசவாளித் தோழர்கள் வாயடைத்துப் போனார்கள். வியக்கத்தான் வேண்டும். அந்த இரும்பை ஏற்றி நிறுத்தியவை தொழிலாளியின் கைகள் அல்லவா!

முதல் கரை, தீவின் வடபுறம் உள்ள ஓலைக்குடா. குளம்போல் கிடக்கிறது நீர். பாக் நீரிணைப் பக்கம் இது. ஆழம் குறைவு, அலையும் குறைவு. தென்புறம் மன்னார் வளைகுடா. அங்கே அலை அறைகிறது. அமைதியானதைப் பெண் கடல் என்றும், ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும் மீனவர் சொல்வதுண்டு. நம் வீடுகளில் அமைதி காக்கும் பெண்ணின் உள்ளத்தில் எத்தனை ஆழம் என்பதை அறிந்தோர், அந்தப் பெயர்களைச் சற்றே மாற்றி வைக்கச் சொல்வார்கள்!

பாம்பன் பக்கத்துக் கரைகளில் அந்த ஆழத்துக்குச் சான்று உண்டு. மீனவப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய கடற்பாசியைப் பறிக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் அகர், மிட்டாய்க்கும் மருந்துக் கூடத்துக்கும் போகிறது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையைக் காக்க வேண்டியதுதான், மறுப்பார் யார்? ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பாசி பறித்த கைக்கு மாற்று வேலை எது என்று கேட்க வேண்டாமா? பவளமும் வாழ வேண்டும். பாவையும் வாழ வேண்டும்!

அடுத்து, படகுத் துறை. வரிசை வரிசையாக விசைப்படகுகள், ஒன்றும் அசையவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. நமக்குக் கோடை விடுமுறை தொடங்கும் நேரத்திலேதான் அவனுக்கு வேலை முடங்குகிறது! அரசு தரும் நிவாரணம் உலையில் அரிசி போட உதவும். ஆண்டுக் கடனை அடைக்குமா? நாம் படம் பிடிக்கும் அந்த அழகிய படகு வரிசை, அவன் வீட்டின் பசி வரிசை. ஊதியத்தோடு கிடைத்தால் அது ஓய்வு. ஊதியமின்றி வந்தால் அது வேலையின்மை!

தீவின் கிழக்குக் கோடியிலே தனுஷ்கோடி. 1914 முதல் ரயில் இங்கே வந்து நின்றது. இங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குச் சென்றது. 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் அந்த ஊரையே விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் வாரிக்கொண்டு போயிற்று. கூரையிழந்த தேவாலயமும் இடிந்த நிலையமும் இன்றும் மணலில் நிற்கின்றன. அங்கே நின்றபோது நம் தோழர்கள் பேசவில்லை. 2004 சுனாமியிலே தேவனாம்பட்டினத்தையும் கிள்ளையையும் கண்டவர்கள் அவர்கள். அந்த மணலின் மொழி அவர்களுக்குப் புரியும்.

கடைசிக் கரை, அரிச்சல்முனை. 2017இல் சாலை திறந்த பிறகு, நடக்க முடியாதவரும் வந்து காணலாம். எதிரே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இலங்கை. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தபோது நம் முன்னோர் மண்டபம் முகாமில் அடைபட்டு, இந்த வழியே கப்பலேறினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின் அவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்தனர். 1983க்குப் பின் அதே மண்டபம் அகதி முகாமாயிற்று. 2022இல் இலங்கையில் அரிசியும் மருந்தும் எட்டாத விலைக்குப் போனபோது, பிள்ளைகளைச் சுமந்துகொண்டு தமிழ்க் குடும்பங்கள் இந்த மணல்திட்டுகளில் வந்து இறங்கின. ஒருவனுக்கு உல்லாசக் கரை. இன்னொருவனுக்கு உயிர் ஒதுங்கும் கரை! அதை அறிந்து நிற்பவனே கடலைக் கண்டவன்.

இத்தனையும் கண்டு திரும்பினோம். பயன் என்ன? உழைப்பவன் ஊர் காண வேண்டும். உலகம் காண வேண்டும். கண்டால்தான் கேள்வி பிறக்கும். 1936இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை பெற்றனர். வாழ்நாளில் முதன்முறையாகக் கடல் பார்த்த குடும்பங்கள் அந்தக் கோடையில் ஏராளம். 1948இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம், தன் 24ஆம் பிரிவில், ஓய்வையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் மனித உரிமை என்றே எழுதியது. அதே ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும், உழைத்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு என்று விதித்தது.

நல்லது! ஆனால், வீட்டுக்குள் தறி போட்டிருக்கும் குறிஞ்சிப்பாடி நெசவாளிக்கு? கிலோக் கணக்கில் கூலி வாங்கி முந்திரி உடைக்கும் பண்ருட்டிப் பெண்ணுக்கு? நாள் கூலிக்காரனுக்கு? நம்மோடு வந்த தோழர்கள் மூன்று நாள் கடல் கண்டார்கள். மூன்று நாள் கூலியை இழந்தார்கள். கடல் காட்சிக்குக் கட்டணம் இல்லை என்பார்கள். கட்டினார்களே, தோழர்களே, கூலியாகக் கட்டினார்களே!

அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கரையில் நின்றவன் குளித்ததே இல்லை. வேலை ஓய்ந்த பிறகு ஓய்வு என்று காத்திருப்பவன் கதையும் அதுதான். நலவாரியக் கூட்டத்தில், சங்கக் கூட்டத்தில், கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்: அமைப்பு சாராத் தொழிலாளிக்கும் ஊதியத்தோடு ஓய்வு வேண்டும். தறி நிற்கும் நாளிலும் அடுப்பு எரிய வேண்டும்!